ஏரலுக்குப் போகும் மோட்டார்

எங்களுக்கு ஒரே மகள். பாளையங்கோட்டையிலிருந்து அவளை ஏரலுக்குக் கட்டிக் கொடுத்தோம். சம்பந்தம் பேச வந்தவர்கள், "ஒரே ஆத்தங்கரைதானே. நீங்க மேல இருக்கிய, நாங்க கீழ இருக்கோம்" என்று சொன்னபோது எனக்கும் பக்கமாகத்தான் தோன்றியது. கல்யாணம் முடிந்து அவளை அங்கே விட்டுவிட்டு மாட்டு வண்டியில் திரும்பிய அன்றுதான் தூரம் என்றால் என்னவென்று தெரிந்தது. வெயில் தாழப் புறப்பட்டால் மறுநாள் விடிந்துதான் வீடு. மழைக்காலத்தில் வாய்க்கால் உடைத்துக்கொண்டால் அதுவும் கிடையாது. அந்தப் பக்கம் அப்போது ரயிலும் இல்லை.

என் கல்யாணத்துக்கு முன் நான் மிஷன் பெண்கள் பள்ளியில் வாத்திச்சியாக இருந்தேன். ஞாயிற்றுக்கிழமைகளில் வேதக்கோவிலில் ஆர்கன் வாசிப்பதை மட்டும் கடைசிவரை விடவில்லை. சின்ன வயசிலிருந்தே என் மகள் ஆர்கனுக்குப் பக்கத்தில் நின்று பாடுவாள். அவள் போன பிறகு அந்த இடத்தில் வேறு யாரையும் நிறுத்தவில்லை. நிறுத்தச் சொல்லி யாரும் கேட்கவும் இல்லை.

என் வீட்டுக்காரர் பஞ்சு வியாபாரி. மகளை மனசு தேடுகிறது என்று வாயால் சொல்லமாட்டார். ஆனால் மாதத்துக்கு ஒரு தடவையாவது, "ஏரல் பக்கம் பஞ்சு நல்லா வந்திருக்காம், ஒரு எட்டுப் போய்ப் பாத்துட்டு வரணும்" என்பார். ஏரலில் நெல்லும் வாழையும் வெற்றிலையும்தான் விளையும் என்று ஊருக்கே தெரியும். யாரும் சிரிக்கமாட்டார்கள்.

ஒருநாள் மத்தியானம் சாப்பிட உட்கார்ந்தவர், சோற்றைப் பிசைந்துகொண்டே, "ஏளா, ஒரு மோட்டார் விலைக்கு வருது" என்றார்.

அம்பாசமுத்திரம் பக்கத்து ஜமீன் வீட்டு இளையவருடைய வண்டி அது. திருநெல்வேலியில் மோட்டாரைக் கண்ணால் பார்க்காதவர்கள்கூட அந்த வண்டியைப் பற்றிக் கேள்விப்பட்டிருந்தார்கள். சீமையிலிருந்து வரவழைத்தது. வேகத்துக்கென்றே செய்த பெரிய எஞ்சின். செங்கோட்டை ரயில் தண்டவாளத்தை ஒட்டி ரோடு போகிற இடத்தில் அவர் ரயிலோடு பந்தயம் ஓட்டுவார் என்றும், ரயிலில் இருக்கிறவர்கள் ஜன்னல் வழியாகத் துண்டை வீசிக் கத்துவார்கள் என்றும் சொல்வார்கள். முதலில் திறந்த வண்டியாக இருந்ததாம். வீட்டுப் பெண்கள் வெளியே தெரியாமல் போக வேண்டும் என்று பிறகு சென்னையில் கொடுத்து, நாலு பக்கமும் கண்ணாடிக் கதவு வைத்துக் கூண்டு கட்டியிருந்தார். வெளியே பார்த்தால் பல்லக்கு மாதிரி, உள்ளே ஓடுவது பந்தயக் குதிரை என்று என் வீட்டுக்காரர் சொன்னார்.

"எவ்வளவு வேகம் போவும்னு எல்லாரும் சொல்லுதாங்க" என்றேன். "ஏரலுக்குப் போனா திரும்பி வருமா? அதை யாராவது சொன்னாங்களா?"

"நீயே வந்து பாருளா" என்றார். அப்படித்தான் என்னையும் கூட்டிக்கொண்டு போனார்.

தூத்துக்குடியிலிருந்து ஒரு டிரைவரை வரச் சொல்லியிருந்தார். துறைமுகத்தில் நீராவிப் படகு எஞ்சின் பார்த்தவர், அப்புறம் ஒரு வெள்ளைக்கார வியாபாரியின் மோட்டாரைக் கொஞ்சகாலம் ஓட்டியவர். கழுத்தில் மாதாவின் சுரூபம் தொங்கும். எதைக் கேட்டாலும் உடனே அபிப்பிராயம் சொல்வார், பாதி சரியாக இருக்கும். நாங்கள் மூவரும் ரயிலேறிப் போனோம்.

ஜமீன் வீட்டு இளையவருக்கு நாற்பது வயசுக்குள்தான் இருக்கும். நாங்கள் போகும்போதே வண்டி வாசலில் நின்றது. கரும்பச்சை நிறம். பித்தளை விளக்குகளைப் புளி போட்டுத் தேய்த்திருந்தார்கள், முகம் பார்க்கலாம். இளையவர் கதவைத் திறந்து, "ஏறுங்க" என்றார். தானே ஓட்டினார்.

எனக்குப் பயமாக இருக்கும் என்று நினைத்திருந்தேன். பாபநாசம் ரோட்டில் அவர் வண்டியை விட்டபோது வயல் எல்லாம் ஒரே பச்சைத் துணியாக ஓடியது, மலை எங்களைப் பார்த்து எழுந்து வருகிற மாதிரி இருந்தது. நான் சிரித்துவிட்டேன். நாற்பது வயசைத் தாண்டியவள், வாயை மூட முடியாமல் சிரித்தேன். இந்த வேகத்தில் போனால் காலைச் சாப்பாடு வீட்டில், மத்தியானச் சாப்பாட்டுக்கு முன்னாலேயே மகள் வீட்டில் என்று மனசு கணக்குப் போட்டுவிட்டது. என் வீட்டுக்காரர் என் பக்கம் திரும்பிப் பார்த்தார். அவர் அப்போதே வாங்கிவிட்டார் என்று முகத்தில் தெரிந்தது.

திரும்பி வந்து இறங்கியதும் டிரைவர் குனிந்து, படுத்து, வண்டியின் வயிற்றையெல்லாம் பார்த்தார். எண்ணெய் சொட்டுகிறதா என்று தரையைத் தடவினார். சக்கரத்தைப் பிடித்து ஆட்டினார். பிறகு எங்களை வேப்பமரத்தடிக்குக் கூப்பிட்டு, "எஞ்சின் நல்ல எஞ்சின்தான் முதலாளி. ஆனா நாம வாரதுக்கு முன்னாலயே சூடாத்தான் இருந்துச்சு. ஓட்டி வச்சிருக்காங்க" என்றார்.

"சூடா இருந்தா என்னவே?"

"சூடான எஞ்சின் எல்லாம் நல்ல எஞ்சின்தான். விடிஞ்சதும் எழுப்பிப் பாக்கணும்."

எனக்கும் ஒன்று உறுத்திக்கொண்டிருந்தது. அந்த எஞ்சினுக்கு நாலு சிலிண்டர், நாலு குரல். ஆர்கனில் எத்தனையோ வருஷம் நாலு குரலைக் கேட்டுப் பழகிய காதுக்கு, புறப்பட்ட கொஞ்ச நேரம் கீழ்க்குரல் பிந்தி வந்து சேர்ந்த மாதிரி இருந்தது. பிறகு சரியாகிவிட்டது. என் வீட்டுக்காரரிடம் சொன்னேன். அவர் போய், மறுநாள் காலையில் இன்னொரு தடவை பார்க்கலாமா என்று கேட்டார். ஜமீன் வீட்டு இளையவர் முகம் சுருங்கியது. "வாங்க" என்று மட்டும் சொல்லிவிட்டு உள்ளே போனார்.

அம்பாசமுத்திரத்தில் எங்கள் சபை உபதேசியார் வீட்டில் தங்கிவிட்டு விடிந்ததும் போனோம். வண்டியின்மேல் பனி பூத்திருந்தது. டிரைவர் முன்னால் நின்று கைப்பிடியைச் சுழற்றினார். எஞ்சின் இருமியது, அடங்கியது. மறுபடி சுழற்றினார். வேர்த்து வழிந்தது, உள்ளங்கை சிவந்தது. "இது எழும்பாது முதலாளி" என்று தீர்ப்பே சொல்லிவிட்டார். அப்போது ஜமீன் வீட்டு இளையவர் வெளியே வந்தார். கண்ணுக்கு மேலே கையை வைத்துக்கொண்டு, தரையைப் பார்த்துப் பார்த்து நடந்தார். எஞ்சின் மூடியைத் திறந்து, பார்க்காமலே விரலால் எதையோ தடவிச் சரிசெய்தார். ஒரே சுழற்று. வெள்ளைப் புகையைக் கக்கிக்கொண்டு எழுந்தது. ஆனால் என் காதுக்குத் தெளிவாகவே கேட்டது. மூன்று குரல்தான் பாடியது. நாலாவது, வண்டி சூடாகும்வரை வரவில்லை.

அவர் என்னைப் பார்த்தார். "அம்மாவுக்குக் கேக்குது" என்றார்.

"கேக்குது ஐயா."

"இதுல எங்க போவணும் உங்களுக்கு? தாலுகா கச்சேரிக்கா, கடைக்கா?"

"ஏரலுக்கு. என் மகளைப் பாக்க."

அவர் எஞ்சினை அணைத்தார். அங்கே நின்ற வேலைக்காரர்களை உள்ளே போகச் சொன்னார். பிறகு எங்கள் டிரைவரிடம், "விளக்கைப் பிடிச்சுக்கிட்டு அடியில போ. இடது பக்கம், முன் சக்கரத்துக்குப் பின்னால, பெயிண்டைச் சுரண்டு" என்றார்.

அடியிலிருந்து டிரைவர் கத்தினார். "அடிச்சட்டம் வெடிப்பு விட்டிருக்கு முதலாளி! பட்டை வச்சு ஆணி அடிச்சு மேல பெயிண்ட் அடிச்சிருக்கு!"

"பாலத்துச் சுவருல மோதினேன்" என்றார் இளையவர். "ஊருக் கொல்லன் கைவேலை. பைய போனா தாங்கும். இவ பைய போற சாதியில்ல. நல்ல பட்டறையில மாத்திப் போட்டாத்தான் நம்பலாம். இதைச் சொல்லாம விக்கணும்னுதான் இருந்தேன். மகளைப் பாக்கப் போறவங்களுக்கு எப்படிச் சொல்லாம இருக்கது?"

என் வீட்டுக்காரர் ஏன் விற்கிறீர்கள் என்று கேட்டார். அவர் கொஞ்சம் சிரித்தார். "கண்ணு போச்சு அண்ணாச்சி. ரோட்டுல நிக்கது மனுசனா மரமான்னு தெரியல. பாபநாசம் ரோடு மட்டுந்தான் மனப்பாடம். மெட்ராஸ் டாக்டரும் கைய விரிச்சிட்டார். பாலத்துல மோதினப்ப, ரோடு இன்னும் நேராப் போவுதுன்னு நெனச்சேன்." பேசிக்கொண்டே அவர் கை வண்டியின் முன்விளக்கைத் துடைத்துக்கொண்டிருந்தது, ஏற்கெனவே பளபளப்பாக இருந்ததை.

திரும்பும் ரயிலில் என் வீட்டுக்காரர், "வேண்டாம்ளா. சட்டம் முறிஞ்ச வண்டி. வேற பாப்போம்" என்றார். டிரைவரும் வேண்டாம் என்றார். நான்தான் வாங்கச் சொன்னேன்.

"புதுசு வாங்கினாலும் அதுக்குள்ள என்ன கெடக்குன்னு நமக்குத் தெரியாது. இதுக்கு என்ன நோவுன்னு தெரிஞ்சுபோச்சு. வைத்தியம் பாத்துக்கலாம்."

அது புத்தியா, அவசரமா என்று இன்றைக்கும் எனக்குத் தெரியாது. அந்த ரோட்டில் வந்த சிரிப்பு இன்னும் வயிற்றில் இருந்தது.

தூத்துக்குடியில் துறைமுகத்துப் பட்டறையில் சட்டத்தை மாற்றினார்கள். அந்த நாலாவது குரலுக்கு வேண்டிய சாமான் கப்பலில் வர வேண்டியிருந்தது. கோடை முழுக்கக் காத்திருந்தோம். வண்டி எங்கள் வாசலுக்கு வந்து நின்ற அன்று தெருவே கூடிவிட்டது. நான் ஒரு வாரம் காலையில் காபி போடுவதற்கு முன்னால் வெளியே வந்து, டிரைவர் எஞ்சினை எழுப்புவதைக் கேட்டேன். நாலு குரலும் ஒன்றாக வந்ததும், "போலாம்" என்றேன்.

முதல் பயணத்தில் செய்துங்கநல்லூர் தாண்டியதும் ஒரு டயரில் உடைமரத்து முள் ஏறியது. டிரைவர் ஸ்டெப்னியைக் கழற்றி மாட்டி முடிப்பதற்குள், நடவுக்குப் போன பெண்கள் வரப்பில் வரிசையாக உட்கார்ந்து பார்த்தார்கள். ஒருத்தி வந்து கண்ணாடியைத் தொட்டுப் பார்த்து, "உள்ள இருக்கது நீங்கதானா? நான் சாமின்னுல்லா நெனச்சேன்" என்றாள். ஸ்ரீவைகுண்டம் அணைக்கட்டுக்கு முன்னால் எஞ்சின் தண்ணீர் கொதித்து ஆவி பறந்தது. நிறுத்தி, எஞ்சினை ஆறவைத்து, வாய்க்காலில் தண்ணீர் மொண்டு ஊற்றினோம். அணைக்கட்டுப் பாலத்தில் ஆற்றைக் கடந்தபோது கண்ணாடியை இறக்கி வெளியே தலையை நீட்டினேன். இவ்வளவு சீக்கிரம் இந்தப் பாலத்தை நான் பார்த்ததில்லை.

ஏரலில் பந்து ஹாரனை டிரைவர் அமுக்கினார். என் மகள் மாவுக் கையோடு தெருவுக்கு ஓடி வந்தாள். மாமியார் வீட்டார் பார்க்கிறார்கள் என்பதையே மறந்து, "எம்மா, மோர்கூட இன்னும் கடையல, அதுக்குள்ள எப்படி வந்திய?" என்று கேட்டு, கோவிலுக்கு உடுத்தும் என் வெள்ளைச் சேலையில் மாவை அப்பிவிட்டாள். என் வீட்டுக்காரர் திரும்பி நின்று, வண்டியின் டயரை வெகுநேரம் பரிசோதித்தார்.

அதற்குப் பிறகு அநேகமாக எல்லாச் சனிக்கிழமையும் போனோம். வண்டியின் குணம் எங்களுக்குப் பழகிவிட்டது. ஸ்ரீவைகுண்டத்தில் தண்ணீர் கேட்கும், கொடுக்க வேண்டும். மழை நாளில் கிளம்ப அடம்பிடிக்கும், கொஞ்ச வேண்டும். ஆனால் போன இடத்திலிருந்து ஒருநாளும் எங்களை நடக்கவிடவில்லை.

அவள் புகுந்த வீடு பெரிய வீடு. கொழுந்தன்மார், நாத்தனார், கருப்பட்டி மூட்டை ஏற்ற இறக்க வருகிறவர்கள் என்று எப்போதும் ஆள் இருக்கும். தாயும் மகளும் உட்கார்ந்து ஒரு வார்த்தை பேச மூலை கிடையாது. அதனால் நானும் அவளும் வண்டியில் ஏறி அணைக்கட்டுப் பக்கம் போய் மரத்தடியில் நிறுத்தச் சொல்வோம். டிரைவர் இறங்கிக் கால் நனைக்கப் போய்விடுவார். கண்ணாடிக் கதவுகளை ஏற்றிவிட்டால் அது எங்கள் இரண்டு பேருக்கு மட்டுமான அறை. அங்கேதான், வயிற்றில் தங்காமல் போன முதல் பிள்ளையைப் பற்றி அவள் என்னிடம் சொன்னாள். "யார்ட்டயும் அழ முடியலம்மா" என்று சொல்லிவிட்டு என் மடியில் முகத்தை வைத்து அழுதாள். வெளியே வாழைத்தார் ஏற்றிய வண்டிகள் போய்க்கொண்டிருந்தன, ஒரு சத்தமும் உள்ளே வரவில்லை. அழுது முடித்து எழுந்தவள், சின்னப் பிள்ளையில் கோவிலில் பாடிய ஒரு பாட்டை மெதுவாகப் பாடினாள். நான் கீழ்க்குரலைச் சேர்த்தேன்.

அதே அறையில்தான் இன்னொன்றையும் சொன்னாள். "எம்மா, இவங்க கொழும்புல கடை போடப் போறாங்க. நாங்க ரெண்டு பேரும் போறோம்."

"எத்தனை நாளைக்கு?"

அவள் ஆற்றைப் பார்த்துக்கொண்டிருந்தாள். "நாளா?" என்றாள்.

மருமகன் நல்ல பிள்ளை. ஏரல், காயாமொழி, நாசரேத்து என்று எங்கள் பக்கத்து ஊர்களில் கொழும்புக்குப் போகாத குடும்பம் ஏது? தடுக்க எனக்கு ஒரு காரணமும் இல்லை. ஒரு வருஷம் முடிவதற்குள் புறப்பட்டுவிட்டார்கள்.

ஏரலிலிருந்து தூத்துக்குடித் துறைமுகத்துக்கு எங்கள் வண்டியில்தான் போனோம். மருமகனும் என் வீட்டுக்காரரும் முன்னால் டிரைவரோடு நெருக்கி உட்கார்ந்தார்கள். பின்னால் நானும் மகளும். காலுக்கடியில் பெட்டிகள். அந்த வண்டிக்கு என்னென்ன கோளாறு வரும் என்று எனக்கு அத்துப்படி. ரோட்டில் ஒவ்வொன்றாக நினைத்தேன். இந்த முள்ளுக்காட்டில் டயர் போகட்டும். இந்த மேட்டில் தண்ணீர் கொதிக்கட்டும். அந்தக் கீழ்க்குரல் நின்றுபோகட்டும். ஆண்டவரே, கப்பல் போகிறவரைக்கும் போதும் என்று ஜெபித்தேன். எந்த ஜெபத்தையும் நான் அவ்வளவு ஊன்றிச் செய்ததில்லை. மகள் என் கையைப் பிடித்துக்கொண்டு, "வண்டி இன்னைக்கு எவ்வளவு நல்லா ஓடுது பாத்தியளாம்மா" என்றாள்.

நன்றாகத்தான் ஓடியது. ஒரு தடவைகூட நிற்கவில்லை. நேரத்துக்கு முன்னாலேயே போய்ச் சேர்ந்தோம்.

தூத்துக்குடியில் கப்பல் கரைக்கு வராது, தூரத்தில் நிற்கும். படகில் ஏற்றிக் கொண்டுபோனார்கள். அவள் சேலைத் தலைப்பைத் தலையில் இழுத்துப் போட்டுக்கொண்டு கையை அசைத்தாள். பிறகு எந்தக் கை அவள் கை என்று தெரியவில்லை. வெயில் தண்ணீரில் பட்டுக் கண் கூசியது. என் வீட்டுக்காரர் கடலைப் பார்த்தபடியே, "இன்னைக்கு ஸ்டெப்னியை வண்டியில ஏத்த வேண்டாம்னு டிரைவர்ட்ட சொல்லியிருந்தேன்" என்றார்.

நான் அவரைப் பார்த்தேன்.

"ஒரு முள்ளுகூட ஏறலையேளா" என்றார். அவர் குரல் உடைந்து நான் கேட்டது அந்த ஒரு தடவைதான்.

அதற்குப் பிறகும் சனிக்கிழமை வந்தால் டிரைவர் வண்டியைத் துடைத்து வாசலில் நிறுத்துவார். நாங்கள் யாரும் அவரிடம் வேண்டாம் என்று சொல்லவில்லை. ஏறி உட்காருவோம். அணைக்கட்டுவரை போவோம். எஞ்சினுக்குத் தண்ணீர் ஊற்றுவோம். பாலத்தைத் தாண்டாமல் திரும்பி வருவோம். பிறகு யுத்தம் வந்தது. பெட்ரோல் கிடைப்பது அருமையாயிற்று. கப்பல்களும் குறைந்தன. வண்டியைப் பக்கத்து ஊர் வைத்தியர் ஒருவர் வாங்கிக்கொண்டார். அது போன திசையை நான் பார்க்கவில்லை. அடுப்படியில் இருந்தேன், சத்தம் மட்டும் கேட்டது. மார்க்கெட் முனை திரும்பும்வரை கேட்டது.

யுத்தம் முடிந்த பிறகுதான் நாங்கள் கொழும்புக்குப் போக முடிந்தது. என் வீட்டுக்காரருக்குக் கடல் ஒத்துக்கொள்ளவில்லை, வழியெல்லாம் படுத்தே வந்தார். துறைமுகத்தில் ஒரு பெண்பிள்ளை நின்றாள், சதை பிடித்து, முன்நெற்றியில் இரண்டு மூன்று நரையோடு. இடுப்பில் ஒரு பையன், காலைப் பிடித்துக்கொண்டு ஒரு சிறுமி. நான் அவளைத் தாண்டிப் பின்னால் நின்ற கூட்டத்தில் என் மகளைத் தேடினேன். "எம்மா" என்று கூப்பிட்ட பிறகுதான் தெரிந்தது.

ஒரு மாதம் அவளோடு இருந்தோம். கடை நன்றாக நடந்தது. அவள் பேச்சில் கொழும்புச் சொற்கள் கலந்திருந்தன. வேலைக்காரியிடம் சிங்களத்தில் சத்தம் போட்டாள். பிள்ளைகள் முதலில் எங்களிடம் வரவில்லை. பிறகு தாத்தாவின் மீசையைப் பிடித்து இழுக்கும் அளவுக்கு வந்துவிட்டார்கள். கிளம்புவதற்கு முதல்நாள் மகள் என் தலைக்கு எண்ணெய் தேய்த்துவிட்டாள். நான் குனிந்து உட்கார்ந்திருந்தேன். அவள் விரல்கள் ஒரு இடத்தில் நின்றன.

"இங்கனயே இருந்திருங்கம்மா" என்றாள்.

"அப்பாவுக்கு அங்கன யாவாரம் கெடக்குதுட்டி."

"தெரியும்" என்றாள். மறுபடி தேய்க்க ஆரம்பித்தாள். கழுத்துவரை, காதுக்குப் பின்னால்வரை, வேலை இருக்கிற ஒருத்தி மாதிரி இல்லாமல், மெதுவாக, மெதுவாகத் தேய்த்தாள். வெந்நீர் ஆறிவிட்டது என்று உள்ளேயிருந்து ஆள் கூப்பிட்டும் நாங்கள் இரண்டு பேரும் எழுந்திருக்கவில்லை.